நான்காம் எண் கடல் கடந்த வரலாறு

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையின் எண் யாது என்று நாற்பது வயதைக் கடந்த எவரைக் கேட்டாலும் தயக்கமின்றி 'என்.எச். 4' என்பார். லாரி ஓட்டுநர்களின் பேச்சிலும், பூந்தமல்லி முதல் ராணிப்பேட்டை வரையுள்ள பழைய கடைப் பலகைகளிலும், நம் வங்கிக் கிளைகளில் அடமானமாக வைக்கப்பட்டுள்ள கிரயப் பத்திரங்களிலும் அந்த எண் இன்றும் வாழ்கிறது. ஆனால் 2010ஆம் ஆண்டிலேயே அவ்வெண் அச்சாலையை விட்டு நீங்கிவிட்டது. இன்று தேசிய நெடுஞ்சாலை 4 என்பது, சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால், அந்தமான் தீவுகளின் அடர்ந்த காட்டினூடே செல்லும் ஒரு சாலையின் பெயர். போர்ட் பிளேரில் தொடங்கி வடக்கே மாயாபந்தர், திக்லிப்பூர் நோக்கிச் செல்லும் அச்சாலையைத் தீவுவாசிகள் 'அந்தமான் டிரங்க் ரோடு' என்றும், சுருக்கமாக 'ஏ.டி.ஆர்.' என்றும் அழைக்கின்றனர்.

நாட்டின் இரு பெருநகரங்களை இணைத்த சாலையின் எண், மொத்தம் 3,80,581 பேர் (2011 கணக்கெடுப்பின்படி) மட்டுமே வாழும் ஒரு யூனியன் பிரதேசத்திற்கு எவ்வாறு சென்றது? விடை எளிது, ஆனால் அந்த எளிய விடையின் பின்னே எளிதல்லாத வேறொரு கேள்வி நிற்கிறது.

முதலில் எண்களின் வரலாற்றைப் பார்ப்போம். 1943ஆம் ஆண்டு நாக்பூரில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் மாநாடு வகுத்த திட்டமே, நம் சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை எனத் தரம் பிரிக்க அடிப்படையாயிற்று. தேசிய நெடுஞ்சாலைகளின் பொறுப்பு மத்திய அரசைச் சேர்ந்தது. அதற்கெனத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. மாநில நெடுஞ்சாலைகளுக்கு எண் இடுவதும் பராமரிப்பதும் அந்தந்த மாநிலங்களின் வேலை. சாலையோரக் கிலோமீட்டர் கற்களின் தலையில் மஞ்சள் நிறம் இருப்பின் அது தேசிய நெடுஞ்சாலை. பச்சை நிறம் இருப்பின் மாநில நெடுஞ்சாலை. இந்த நிற வேறுபாட்டை அறியாமலேயே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்துவிட்டவர்கள் நம்மில் பலர்.

பழைய முறையில் முதல் எண்கள் பெருநகரங்களை இணைக்கும் சாலைகளுக்குச் சென்றன. தில்லியிலிருந்து அமிர்தசரஸ் செல்வது 1. தில்லி - கொல்கத்தா 2. ஆக்ரா - மும்பை 3. மும்பையை அடுத்த தாணேயில் தொடங்கி, புணே, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, தும்கூர், பெங்களூரு, கோலார், சித்தூர் வழியாகச் சென்னை வந்தது 4. வாரணாசி - கன்னியாகுமரி 7. பின்னர் ஒரு சாலை தேசிய நெடுஞ்சாலையாக உயர்த்தப்படும்போதெல்லாம் அடுத்த எண் அதற்கு வழங்கப்பட்டது. அல்லது அருகிலுள்ள பெரிய சாலையின் எண்ணோடு ஓர் எழுத்து சேர்க்கப்பட்டது. பாளையங்கோட்டை - தூத்துக்குடி 7ஏ ஆனதும், விழுப்புரம் - நாகப்பட்டினம் 45ஏ ஆனதும், திருச்சியிலிருந்து மதுரை வழியே தூத்துக்குடி செல்வது 45பி ஆனதும் இவ்வாறே. காலப்போக்கில் எண்ணைக் கொண்டு ஒரு சாலை நாட்டின் எத்திசையில் இருக்கிறது என்று கூற இயலாத நிலை ஏற்பட்டது. அந்தமான் டிரங்க் ரோடு தேசிய நெடுஞ்சாலையாக ஏற்கப்பட்டபோது வரிசை இருநூறுகளைத் தாண்டியிருந்தமையால், அதற்குக் கிடைத்த எண் 223.

இக்குழப்பத்தைத் தீர்க்க 2010இல் மத்திய அரசு அரசிதழில் புதிய எண்முறையை வெளியிட்டது. அதன் விதி சுருக்கமானது. வடக்கு தெற்காகச் செல்லும் முதன்மைச் சாலைகளுக்கு இரட்டை எண். கிழக்கிலிருந்து மேற்கே செல்லச் செல்ல எண் கூடும். கிழக்கு மேற்காகச் செல்பவற்றுக்கு ஒற்றை எண். வடக்கிலிருந்து தெற்கே வர வர எண் கூடும். கிளைச் சாலைகளுக்கு மூவிலக்க எண். அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் தாய்ச் சாலையைக் குறிக்கும். ஆகவே காஷ்மீரத்தில் ஸ்ரீநகர் வழியே லே செல்லும் சாலை 1 ஆயிற்று. தென்கோடியில் ராமேசுவரம் வழியே தனுஷ்கோடி செல்லும் சாலை 87 ஆயிற்று. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நாட்டின் நடுவே இறங்கும் நெடுஞ்சாலை 44. அதிலிருந்து சேலத்தில் பிரிந்து கோவை, கொச்சி நோக்கிச் செல்வது 544.

இவ்விதியைக் கிழக்கு எல்லையில் பொருத்திப் பார்த்தால் அந்தமானின் எண் தானாகவே விழுகிறது. அசாமின் திப்ரூகரில் தொடங்கி நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் வழியே இறங்கும் சாலைக்கு 2. ஷில்லாங், அய்சால் வழிச் சாலைக்கு 6. திரிபுராவின் அகர்தலா வழிச் சாலைக்கு 8. இடையில் உள்ள 4 எங்கே? போர்ட் பிளேரின் தீர்க்கரேகை ஏறத்தாழ 92.7 பாகை கிழக்கு. அய்சால் நகரமும் அநேகமாக அதே தீர்க்கரேகையில்தான் அமைந்துள்ளது. நிலப்படத்தில் மிசோரத்திலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு இழுத்தால், அது வங்கக் கடலைக் கடந்து அந்தமானைத் தொடும். வடகிழக்கு மலைச் சாலைகளுக்கும் இத்தீவுச் சாலைக்கும் வேறெவ்விதத் தொடர்பும் இல்லை. இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான தொலைவும் ஓர் அந்நிய நாடும் கடலும் கிடக்கின்றன. ஆயினும் எண்வரிசையில் அவை அண்டை வீட்டார். கணக்கின் நேர்மை என்று இதனைக் கூறலாம். பேருந்து, மக்கள்தொகை, வணிகம் எதனையும் பாராமல் தீர்க்கரேகையை மட்டும் பார்த்து அளிக்கப்பட்ட இடம் அது.

நம் பக்கத்து நான்காம் எண்ணுக்கு என்ன நேர்ந்தது? அது ஒரே சாலையாக எஞ்சவில்லை. மும்பையிலிருந்து பெங்களூரு வரையிலான பகுதி, தில்லியில் தொடங்கிச் சென்னையில் முடியும் புதிய 48உடன் இணைந்தது. அந்த 48, பெங்களூருவுக்குப் பின் பழைய வழியில் செல்லாமல் ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியே வந்து ராணிப்பேட்டையருகே பழைய தடத்தில் மீண்டும் சேர்கிறது. விடுபட்ட பழைய தடத்தில் பெங்களூரு - கோலார் - முல்பாகல் பகுதி 75 என்றும், முல்பாகல் - சித்தூர் 69 என்றும், சித்தூர் - ராணிப்பேட்டை 40 என்றும் மாறின. ஒரு குடும்பச் சொத்து நான்கு பங்காகப் பிரிந்ததைப் போன்றது இது.

சொத்து என்றதும் வங்கிப் பணியில் நாம் அன்றாடம் காணும் ஒரு செய்தியைக் குறிப்பிடுவது பொருந்தும். 2010க்கு முந்தைய பத்திரங்களின் நான்கெல்லை விவரத்தில், 'தேசிய நெடுஞ்சாலை 4க்குத் தெற்கு', 'தே.நெ. 45க்குக் கிழக்கு' என்பன போன்ற குறிப்புகள் ஏராளம். இன்று அதே மனைக்கு முன்னுள்ள பலகையில் 48 என்றோ 32 என்றோ 38 என்றோ இருக்கும். இதனைக் கண்டு வாடிக்கையாளர்கள் சிலர் பத்திரமே செல்லாதோ என அஞ்சுகின்றனர். அஞ்சத் தேவையில்லை. நிலத்தை அடையாளம் காட்டுவது சர்வே எண்ணும் உட்பிரிவும் புலப்படமுமே அன்றிச் சாலையின் எண் அன்று. ஆயினும் அடுத்த கிரயத்தின்போதோ அடமானத்தின்போதோ எழுதப்படும் ஆவணத்தில் 'முந்தைய தே.நெ. 4, தற்போதைய தே.நெ. 48' என இரண்டையும் எழுதிவைப்பது நன்று. மாநில நெடுஞ்சாலை ஓரத்து மனைகளுக்கும் இது பொருந்தும். கிழக்குக் கடற்கரைச் சாலை மாநில நெடுஞ்சாலை 49 என்றே பல பத்திரங்களில் உள்ளது. அதன் மாமல்லபுரம் - புதுச்சேரிப் பகுதி தேசிய நெடுஞ்சாலை 332ஏ ஆகிவிட்டது. சாலை உயர்த்தப்படும்போது எண் மட்டுமன்று, சாலையோரம் கட்டடம் எழுப்புவதற்கான இடைவெளி விதிகளும் மாறக்கூடும் என்பதைக் கடன் கோருவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி அந்தமானுக்குச் செல்வோம்.

கோயம்பேட்டில் ஏற்றப்படும் காய்கறி மூட்டை ஒன்றை எண்ணிப் பாருங்கள். கோயம்பேடு பழைய நான்காம் எண் சாலையின் மீதே அமைந்தது. அம்மூட்டை சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, மூன்று நாள் அளவு கடலில் பயணம் செய்து, போர்ட் பிளேரில் இறங்கி, மீண்டும் லாரியேறி ரங்கத்துக்கோ மாயாபந்தருக்கோ செல்லும். அது செல்லும் சாலை புதிய நான்காம் எண். தென் அந்தமான், பாராடாங், நடு அந்தமான், வட அந்தமான் என நான்கு தீவுகளை ஊடுருவி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்கிறது அச்சாலை. தீவுகளுக்கிடையே நீரிணைகள் உண்டு. தென் அந்தமானையும் பாராடாங்கையும் பிரிப்பது மிடில் ஸ்ட்ரெய்ட். பாராடாங்கையும் நடு அந்தமானையும் பிரிப்பது ஹம்ப்ரி நீரிணை. பல்லாண்டுக் காலம் பேருந்தும் லாரியும் இவ்விரு இடங்களிலும் தட்டையான படகுகளில் ஏறியே அக்கரை சேர்ந்தன. ஒரு தேசிய நெடுஞ்சாலையில் வண்டி இருமுறை படகேறுவது இந்தியாவின் பிற பகுதி மக்களுக்கு விந்தையாகவே தோன்றும். இந்நீரிணைகளின் மீது பாலம் அமைக்கும் பணிகளை மத்திய அரசு பின்னர் மேற்கொண்டது. நடு அந்தமானையும் வட அந்தமானையும் இணைக்கும் ஆஸ்டின் நீரிணையின் மீது செங்கப்பா பாலம் அதற்கும் முன்னரே அமைந்துவிட்டது.

இச்சாலை எவருக்காகப் போடப்பட்டது? நாடு பிரிவினையுற்ற பின், கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காள அகதிக் குடும்பங்கள் 1949 முதல் அந்தமானில் குடியேற்றப்பட்டன. பின்னர் ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர் வட்டாரங்களில் காடு திருத்திப் புதிய ஊர்கள் உண்டாக்கப்பட்டன. தமிழர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிப் பகுதித் தொழிலாளர் எனப் பலரும் தொடர்ந்து வந்தனர். 2001 கணக்கெடுப்பில் இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஆறில் ஒருவருக்கும் சற்று அதிகம். சாலை இல்லாக் காலத்தில் இவ்வூர்களிலிருந்து போர்ட் பிளேர் வர ஒரே வழி கடல். பருவமழையில் கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. பேறுகாலப் பெண்ணுக்கும் விபத்தில் அடிபட்டவருக்கும் பெரிய மருத்துவமனை போர்ட் பிளேரில்தான். வட, நடு அந்தமான் மாவட்டத்தில் 2011இல் வாழ்ந்தோர் 1,05,597 பேர். அவர்கள் பார்வையில் இச்சாலை ஆடம்பரமன்று.

ஆனால் அச்சாலை சென்ற காடு ஆளில்லாக் காடன்று. அது ஜாரவா மக்களின் வாழிடம். வேட்டையும் மீன்பிடிப்பும் தேன் சேகரிப்புமாகப் பல்லாயிரம் ஆண்டுகள் அக்காட்டில் வாழ்ந்து வந்த அவர்கள், வெளியாரை அம்பெய்து விலக்கி வந்தனர். 1956இல் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை இயற்றப்பட்டு, மறு ஆண்டு ஜாரவாக் காப்பிடம் அறிவிக்கப்பட்டது. காப்பிடத்தை அறிவித்த அரசே சாலையையும் அதன் ஊடே கொண்டு சென்றது என்பதுதான் இவ்வரலாற்றின் முரண். பணியாளர்கள் தாக்கப்பட்டனர், காவல் காக்கப் 'புதர்க் காவலர்' படை நிறுத்தப்பட்டது, இரு தரப்பிலும் உயிரிழப்பு நேர்ந்தது. தயக்கங்களுக்கும் இடைநிறுத்தங்களுக்கும் பின் 1989இல் சாலை முழுமை பெற்றது.

1997 அக்டோபரில் ஜாரவாக்களில் சிலர் பகலில், ஆயுதமின்றி, கதம்தலாவை அடுத்த உத்தரா படகுத்துறைக்கு வந்தனர். அத்துறை இந்த டிரங்க் ரோட்டின் மீதே உள்ளது. அதுவரை சாலையை எதிர்த்தவர்கள் அன்றுமுதல் அச்சாலையோரத்தில் காணப்படலாயினர். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. இதன் பொருளை உணர, அண்டைப் பழங்குடியான கிரேட் அந்தமானியரின் எண்ணிக்கையைப் பார்த்தால் போதும். பிரிட்டிஷார் குடியேறியபின் 1877இல் தட்டம்மை அவர்களிடையே பேரழிவை உண்டாக்கியது. 1901 கணக்கெடுப்பில் 625 ஆக இருந்தவர்கள் 1961இல் 19 பேராகக் குறைந்தனர். வெளியுலகின் சாதாரண நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத சிறு சமூகத்திற்கு என்ன செய்யும் என்பதற்கு இதனினும் தெளிவான கணக்கு வேண்டியதில்லை. ஜாரவாக்கள் 2001இல் 240 பேர்.

சூழலியல் அமைப்புகள் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் சேகர் சிங் என்பாரை ஒருநபர் ஆணையராக அமர்த்தியது. அவரது பரிந்துரைகளின் அடிப்படையில் 2002 மே 7ஆம் நாள், ஜாரவாக் காப்பிடத்தின் ஊடே செல்லும் டிரங்க் ரோட்டின் பகுதிகளை மூடுமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை. தீவு மக்களின் தேவையை நிர்வாகம் எடுத்துரைத்தது, வண்டிகள் ஓடிக்கொண்டேயிருந்தன. இந்நிலையில்தான் 2010இல் 223 என்ற பின்வரிசை எண் நீங்கி, ஒற்றை இலக்கமான 4 இச்சாலைக்கு வந்து சேர்ந்தது. மூட ஆணையிடப்பட்ட சாலைக்கு, நாட்டின் முதல் பத்து எண்களுள் ஒன்று! எண்ணிட்டவர்கள் எவரையும் குறைகூற நாம் முற்படவில்லை. அவர்கள் பார்த்தது தீர்க்கரேகையை. ஆனால் எண் என்பது வெறும் அடையாளம் என்று ஒதுக்கிவிடவும் இயலாது. தேசிய நெடுஞ்சாலை என்ற தகுதியோடு மத்திய நிதி வருகிறது. 2014இல் உருவான தேசிய நெடுஞ்சாலைகள் மற்றும் உட்கட்டமைப்பு மேம்பாட்டுக் கழகம் அந்தமானிலும் பணிகளை ஏற்றது. அகலப்படுத்தலும் பாலங்களும் அதன் வழியே வந்தவை. படகுக்காகக் காத்திருந்த நேரம் குறையும்போது வண்டிகளின் எண்ணிக்கை குறையாது, கூடும்.

இன்று ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் வண்டிகள் தனியே செல்ல இயலாது. குறித்த நேரங்களில் மட்டும், முன்னும் பின்னும் காவல்துறையுடன், அணியாகச் செல்ல வேண்டும். நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது, படம் எடுக்கக் கூடாது, உணவோ வேறெப்பொருளோ தரக் கூடாது. விதிகள் இருந்தும், 2012 ஜனவரியில் பிரிட்டனின் 'அப்சர்வர்' இதழ் வெளியிட்ட காணொளி, உணவுக்காக ஜாரவாப் பெண்கள் ஆட வைக்கப்பட்டதை உலகிற்குக் காட்டியது. அவ்வாண்டே பாதுகாப்பு ஒழுங்குமுறை திருத்தப்பட்டுத் தண்டனை கடுமையாக்கப்பட்டது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுற்றுலாப் பயணிகள் இச்சாலையைப் பயன்படுத்த இடைக்காலத் தடை விதித்தது. ஒருசில வாரங்களில் அத்தடை விலக்கப்பட்டது.

அணியில் செல்லும் வண்டிகள் யாவும் நோயாளிகளையும் மாணவர்களையும் காய்கறியையும் ஏற்றியவை அல்ல. பாராடாங்கின் சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் காணச் செல்லும் சுற்றுலா வண்டிகளும் அவற்றுள் உண்டு. விடுமுறைப் பயணச் சலுகையில் அந்தமான் செல்லும் வங்கி ஊழியர்களும் அரசு ஊழியர்களும் தங்கள் பயணத் திட்டத்தில் 'பாராடாங் ஒருநாள்' என்பதைத் தவறாது காண்பர். முகவர்கள் சிலர் குகையைக் காட்டி விற்பது உண்மையில் காட்டு வழியைத்தான். நம் கருத்தை ஒளிக்காமல் கூறுவதாயின், திக்லிப்பூர் விவசாயிக்கும் ரங்கத் கர்ப்பிணிக்கும் சாலை வேண்டும். சுற்றுலாவுக்கு அது வேண்டியதில்லை. போர்ட் பிளேரிலிருந்து பாராடாங்குக்குக் கடல்வழிப் படகுச் சேவையும் தொடங்கப்பட்டது. அவ்வழி கிடைக்கும் நாளில் அதனையே கேட்டுப் பெறுவது வாடிக்கையாளரின் உரிமை. முகவர் 'சாலைதான் வசதி' என்பார். வசதி யாருக்கு என்று கேட்கலாம்.

ஜாரவாக்களின் எண்ணிக்கை 2011இல் 380 ஆக உயர்ந்திருந்தது. அவர்கள் அழிந்துவிடுவர் என்ற அச்சம் மெய்யாகவில்லை என்று சாலையை ஆதரிப்போர் இதனைச் சுட்டுவர். எண்ணிக்கை கூடியது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் ஒரு குடியிருப்பு வளாகத்தில் அடங்கிவிடக்கூடிய 380 பேரின் வீட்டு முற்றத்தில், நாள்தோறும் வண்டிகள் அணிவகுக்கின்றன என்பது அதனால் மாறிவிடவில்லை.

பெயர்களும் எண்களும் இத்தீவுகளில் அடிக்கடி மாறுகின்றன. 2018 டிசம்பரில் ஹாவ்லாக் தீவு சுவராஜ் தீவு ஆயிற்று. நீல் தீவு ஷாகித் தீவு ஆயிற்று. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றது. முகவரி மாற்றக் கோரிக்கைகளில் இரு பெயர்களும் கலந்தே வருகின்றன. சாலைக்கு வந்த எண் மாற்றத்தை மட்டும் தீவுவாசிகள் பெரிதாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. சென்னையில் 45ஆம் எண் 32 ஆன பின்னும் தாம்பரம்வாசிகள் ஜி.எஸ்.டி. சாலை என்பதைப் போலவே, அங்கும் 223க்கு முன்னும் ஏ.டி.ஆர்., 4க்குப் பின்னும் ஏ.டி.ஆர். அக்காட்டில் வாழ்வோர் அச்சாலையை என்ன பெயரிட்டு அழைக்கின்றனர் என்று எந்த அரசிதழும் கேட்டதில்லை.